கடைசி மூன்று நிமிடம்

(நம் கல்லூரி முன்னாள் மாணவியர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், வேதியியல் துறை முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் பெரிய பொறுப்புகளில் இருந்தவர்கள். ஒருவர் வங்கி மேலாளர், ஒருவர் பள்ளித் தலைமையாசிரியை, ஒருவர் மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் அதிகாரி. அடுத்து நான். திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஓர் இல்லத்தரசி. அழைப்பிதழில் என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்பதைத் தவிர போடுவதற்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

செயலாளர் போன் செய்து, "நீங்களும் பதினைந்து நிமிஷம் பேசணும், தலைப்பு என்ன?" என்று கேட்டார். "பிரெஞ்சு ஃப்ரைஸ்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்துவிட்டேன். பிறகு, "சாப்பிடுறதா, பண்றதா?" என்று கேட்டார். "பண்றது, வீட்டிலேயே" என்றேன். "சரி, பேசுங்க. வேதியியலும் கொஞ்சம் வரட்டும்" என்றார். தோழிகளே, இன்று நான் பேசப் போவது முழுக்க முழுக்க வேதியியல்தான்.

நாம் படிப்பை முடித்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. முடித்த அடுத்த வருஷமே எனக்குக் கல்யாணம். டிகிரி சர்டிபிகேட் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. என் மாமியார் நல்ல மனுஷி. ஆனாலும், "ரசாயனம் படிச்ச பொண்ணு, ரசத்துக்கு உப்புப் போடத் தெரியல" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் உள்ளே தங்கிவிட்டது. மூணு வருஷம் படிச்சோமே, அப்பா கஷ்டப்பட்டு ஃபீஸ் கட்டினாரே, என்ன ஆச்சு? நம்மில் பலருக்கு இந்தக் கேள்வி உண்டு என்று நினைக்கிறேன். பின்வரிசையில் சில பேர் தலையாட்டுவது தெரிகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் ஒரு துரித உணவுக் கடையில் நாலு வருஷம் வேலை பார்த்தான். கடையின் பெயர் வேண்டாம். உருளைக்கிழங்கு வறுக்கிற இடத்தில்தான் அவனுக்கு டியூட்டி. 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. கடையை மூடினார்கள். சில வாரங்களில் வேலையும் போயிற்று. இருபத்தாறு வயசுப் பையன், காலையில் எழுந்தால் போக இடமில்லை. மொட்டை மாடியில் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். சாப்பிடக் கூப்பிட்டால் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். பெற்றவளுக்கு அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் அவனாகவே வந்து, "அம்மா, ஃப்ரைஸ் போட்டு அக்கம்பக்கத்துல குடுக்கலாமா? கடையெல்லாம் மூடியிருக்கு, பசங்க ஏங்கிப் போயிருக்காங்க. அது எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றான். எனக்கு உயிர் வந்தது. ரெண்டு கிலோ கிழங்கு வாங்கினோம். அவனே தோல் சீவினான், குச்சி குச்சியாக நறுக்கினான், காய்ந்த எண்ணெயில் போட்டான். மூன்று நிமிஷத்தில் எடுத்தான். மேலே கருஞ்சிவப்பு, உள்ளே பச்சைக் கிழங்கு. இன்னும் கொஞ்சம் விட்டான், கருகியது. தீயைக் குறைத்துப் போட்டான். எண்ணெயைக் குடித்துக்கொண்டு துவண்டு போய்க் கிடந்தது. தட்டில் வைத்த அஞ்சாவது நிமிஷம் மொத்தமும் நமுத்துப் போயிற்று.

மூன்றாவது தடவை அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நாலு வருஷம் இதையேதான் பண்ணேன். ஒண்ணுமே கத்துக்கலையாம்மா?" என்று கேட்டான்.

தோழிகளே, நாற்பது வருஷமாக நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. என் பிள்ளை வாயிலிருந்தும் வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "கடையில என்ன பண்ணுவேன்னு ஒண்ணுவிடாம சொல்லு" என்றேன். சொன்னான். ஃப்ரீசரிலிருந்து கவரை எடுக்கணும், கூடையில் கொட்டணும், கூடையை எண்ணெயில் இறக்கணும், பட்டனைத் தட்டணும். மூணு நிமிஷத்தில் மணி அடிக்கும். தூக்கி உதறி உப்புப் போடணும். அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "கவருக்குள்ள இருந்தது கிழங்கு இல்லடா. முக்கால்வாசி முடிஞ்ச பண்டம். கடையில நடக்குறது கடைசி மூணு நிமிஷம்தான். அதுக்கு முன்னாடி நடந்ததை யாரும் உனக்குக் காட்டவே இல்லை" என்றேன்.

இன்று நான் சொல்ல வந்த செய்தியே இதுதான். வீட்டில் போடுகிற ஃப்ரைஸ் ஏன் கடையில் மாதிரி வருவதில்லை? கடைக்காரரிடம் ஏதோ ரகசிய மருந்து இருப்பதாக நினைக்கிறோம். அப்படி ஒன்றுமில்லை. கிழங்கைத் தொழிற்சாலையில் கழுவி, நீராவியில் தோல் உரித்து, நறுக்கி, வெந்நீரில் பதமாக்கி, ஈரம் போகக் காயவைத்து, ஒருமுறை எண்ணெயில் பொரித்து, உறையவைத்து அனுப்புகிறார்கள். ஏழெட்டுப் படிகளில் நடப்பதை நாம் ஒரே சட்டியில், ஒரே கொதியில் முடிக்கப் பார்க்கிறோம்.

என் அப்பா விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்தத் தொழிற்சாலையின் பெயர்தான் விம்கோ நகருக்கு வந்தது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து அங்கு வரைக்கும் வந்தது. அங்குள்ள ஸ்டேஷனுக்கும் அதே பெயர்தான். அப்பா சொல்வார்: "தீக்குச்சி கிழிக்கிறது ஒரு செகண்ட். அதுக்கு முன்னாடி மரத்தைச் சீவி, குச்சியா வெட்டி, மெழுகுல தோய்ச்சு, மருந்து முக்கி, காயவைக்கணும். எங்கயாவது ஈரம் நின்னுட்டா கிழிக்கிறப்ப பல்லைக் காட்டிடும்." குச்சியாக நறுக்கிய கிழங்கைப் பார்த்தபோது எனக்கு அப்பாவின் தீக்குச்சிதான் ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் எதிரி ஒன்றே: ஈரம்.

அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, நம் ரெக்கார்டு நோட் மாதிரி எய்ம், ப்ரொசீஜர், அப்சர்வேஷன், இன்ஃபரன்ஸ் என்று கோடு போட்டேன். இனி சொல்வதெல்லாம் அந்த நோட்டில் உள்ளவை.

முதலில் கிழங்கு. உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மீதிதான் திடப்பொருள், அதில் பெரும்பகுதி மாவுச்சத்து. ஃப்ரைஸுக்குத் திடப்பொருள் 20 சதவிகிதமாவது இருப்பது நல்லது. தண்ணீர் அதிகமுள்ள கிழங்கு எண்ணெயைக் குடிக்கும், துவளும். இரண்டாவது, சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும். உணவுக்கான கிழங்கை 2 முதல் 4 டிகிரி வரையுள்ள குளிரில் மாதக்கணக்கில் வைப்பார்கள். அந்தக் குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். எண்ணெயில் போட்டதும் அந்தச் சர்க்கரையும் கிழங்கிலுள்ள அமினோ அமிலங்களும் சேர்ந்து நிறத்தைக் கொடுக்கும். மெய்லார்ட் வினை என்று படித்தோமே, அதுதான். சர்க்கரை அதிகமானால் உள்ளே வேகும் முன்னே மேலே கறுத்துவிடும். என் மகன் சட்டியில் நடந்தது இதுவே. அதனால்தான் வறுவலுக்கென்று வைக்கும் கிழங்கை 10, 12 டிகிரியில் வைக்கிறார்கள்.

இதில் நம் நாட்டுக் கதையும் உண்டு. 1996 அக்டோபரில் மெக்டொனால்ட்ஸ் இந்தியாவில் முதல் கடையைத் திறந்தபோது, அதற்கேற்ற கிழங்கு இங்கே போதிய அளவு இல்லை. உறைந்த ஃப்ரைஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது. பிறகு குஜராத் விவசாயிகளிடம் ஒப்பந்தம் போட்டுப் பயிரிடச் செய்தார்கள். மேசாணா மாவட்டத்தில் மெக்கெய்ன் கம்பெனியின் தொழிற்சாலை வந்தது. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1998-ல் குஃப்ரி சிப்சோனா என்ற ரகங்களைச் சிப்ஸுக்காகவும், 2009-ல் குஃப்ரி ஃப்ரைசோனா என்ற ரகத்தை ஃப்ரைஸுக்கென்றேயும் வெளியிட்டது. அதே நிலையத்தின் ஒரு கிளை நம் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கிறது.

ஆனால் இந்த ரகமெல்லாம் திருவொற்றியூர் மார்க்கெட்டில் பெயர் சொல்லிக் கிடைக்குமா? காய்கறிக்காரம்மாவிடம் கேட்டேன். "இன்னாம்மா, கெழங்குக்குப் போயி ஜாதகம் கேக்குற? ஊட்டி வோணுமா, ஆக்ரா வோணுமா?" என்றார். சரி, நாமே சோதித்துக்கொள்வோம் என்று இரண்டிலும் வாங்கி வந்தேன்.

முதல் சோதனை அடர்த்தி. ஒரு லிட்டர் தண்ணீரில் 120 கிராம் உப்பைக் கரைத்தால், கரைசலின் அடர்த்தி ஏறக்குறைய 1.075 வரும். கிழங்கை அதில் போடுங்கள். மாவு அதிகமுள்ளது மூழ்கும், தண்ணீர்க் கிழங்கு மிதக்கும். மூழ்கியதை ஃப்ரைஸுக்கு எடுத்து வையுங்கள், மிதந்ததைக் குருமாவுக்குப் போடுங்கள். ஒன்றும் வீணில்லை. அந்த உப்புத் தண்ணீரையும் மூடி வைத்து மறுபடி உபயோகிக்கலாம்.

இரண்டாவது சோதனை சர்க்கரை. என் அப்பாவுக்கு நீரிழிவு. நான் கல்லூரியில் படித்த காலத்தில் இப்போதிருக்கிற குளுக்கோமீட்டர் வீட்டில் ஏது? பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுச் சூடாக்கி, நீலம் பச்சையாகிறதா, மஞ்சளாகிறதா, செங்கல் நிறமாகிறதா என்று நான்தான் பார்த்துச் சொல்வேன். அதே கரைசலைப் பாரிமுனையில் ஒரு ரசாயனக் கடையில் வாங்கி வந்தேன். மூன்று வாரம் ஃபிரிஜ்ஜில் வைத்த கிழங்கின் சாறு செங்கல் நிறத்துக்குப் போயிற்று. கூடையில் காற்றாட வைத்திருந்தது பச்சையோடு நின்றது. என் மகன் வாயைப் பிளந்து பார்த்தான். "அம்மா, நீ நிஜமாவே கெமிஸ்ட்ரி படிச்சியா?" என்றான்.

நீங்கள் இவ்வளவு தூரம் போக வேண்டாம். முற்றிய, தோல் சுருங்காத, முளைவிடாத, பச்சை படராத கிழங்காகப் பாருங்கள். புதுக்கிழங்கு வேண்டாம். ஃபிரிஜ்ஜில் வைக்காதீர்கள். குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்ததென்று தெரிந்தால் இரண்டு மூன்று வாரம் வீட்டில் இருட்டான, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சர்க்கரை ஓரளவு குறையும். எங்கள் அனுபவத்தில் மலையிலிருந்து நேராக மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வரும் ஊட்டிக் கிழங்கு நன்றாக வந்தது.

அடுத்தது நறுக்குவதும் கழுவுவதும். ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவி, 8 மில்லிமீட்டர் தடிமனில் குச்சிகளாக நறுக்க வேண்டும். எல்லாம் ஒரே அளவு என்பது முக்கியம். ஒல்லியானது கருகும்போது தடியானது வெந்திருக்காது. நறுக்க நறுக்கத் தண்ணீரில் போட்டு, நாலைந்து தடவை தண்ணீர் மாற்றுங்கள். அரிசி கழைகிற மாதிரி முதலில் வெள்ளையாக வரும். தெளிகிற வரை கழுவுங்கள். வெட்டுப்பட்ட இடத்திலுள்ள மாவும் கொஞ்சம் சர்க்கரையும் போய்விடும். குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டாது.

மூன்றாவது படியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். குச்சியை முதலில் வெந்நீரில் வேகவைக்க வேண்டும். உள்ளே முழுக்க வெந்தால்தான் சாப்பிடும்போது மாவாகக் கரையும். ஆனால் அவ்வளவு நேரம் வேகவைத்தால் குச்சி உடைந்து மசியலாகிவிடுகிறது. நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அப்போது என் மாமியார் ஞாபகம் வந்தது. இன்று அவர் இல்லை. கல்யாணமான புதிதில் சாம்பாரில் காய் போட்டவுடனே நான் புளியைக் கரைத்து ஊற்றிவிட்டேன். முக்கால் மணி நேரம் ஆகியும் காய் வேகவில்லை. "காய் வெந்தப்புறம்தான் புளி விடணும். முன்னாடியே விட்டா விறைச்சுப் போயிடும்" என்று சொல்லிக் கொடுத்தார். நம் வீடுகளில் எழுத்தறியாத பாட்டிகளுக்கும் தெரிந்த விதி இது. ஏன் விறைக்கிறது? காயின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பூச்சு பெக்டின். வெந்நீரில் அது கரைந்தால் காய் குழையும். தண்ணீரில் புளிப்பு இருந்தால் பெக்டின் சீக்கிரம் கரையாது. குழம்புக்குத் தொல்லையாக இருக்கும் இந்த விஷயம் ஃப்ரைஸுக்கு வரப்பிரசாதம்!

முதலில் புளித்தண்ணீரையே ஊற்றினேன். ஒரு குச்சிகூட உடையவில்லை. ஆனால் வத்தக்குழம்பு வாசனை. பிறகு வினிகருக்கு மாறினேன். இரண்டு லிட்டர் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர், ஒரு மேசைக்கரண்டி உப்பு. குச்சிகளைப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பேற்றி, கொதி வந்தபின் எட்டு நிமிடம். கத்தி நுனி சுலபமாக இறங்க வேண்டும், குச்சி உடையக்கூடாது. வினிகர் வாசனை பொரிக்கும்போது போய்விடும்.

ரசத்துக்கு உப்புப் போடத் தெரியவில்லை என்று சிரித்த அதே மாமியார்தான், முப்பது வருஷம் கழித்து என் சிக்கலை அவிழ்த்தார். அவருக்கு என் வேதியியல் தெரியாது, எனக்கு அவர் சமையல் தெரியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல இப்போது அவர் இல்லை.

நான்காவது படி உலர்த்துவது. வெந்த குச்சிகளை வடிகட்டி, சுத்தமான பழைய வேட்டியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, ஃபேனுக்கு அடியில் பதினைந்து இருபது நிமிடம் விடுங்கள். எங்கள் ஊரில் கடல் காற்று. காலையில் பொரித்த அப்பளம் மாலையில் நமுத்துவிடும். அதனால் நாங்கள் அரை மணி நேரம் விடுகிறோம்.

ஐந்தாவது, முதல் பொரிப்பு. 160 டிகிரியில் மூன்று நிமிடம். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தவிட்டு எண்ணெய் எதுவானாலும் சரி. சமையலுக்கென்று ஸ்டீல் தெர்மாமீட்டர் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். கல்லூரி லேபில் பார்த்த பாதரசத் தெர்மாமீட்டரை எண்ணெய்ச் சட்டியில் யாரும் விட வேண்டாம், உடைந்தால் விஷம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு குச்சியைப் போட்டுப் பாருங்கள். நிதானமாகக் குமிழி விட்டு மெல்ல மேலே வந்தால் முதல் பொரிப்புக்குப் பதம். இந்தப் பொரிப்பில் நிறம் மாறக்கூடாது. மேலே ஒரு மெல்லிய பொருக்கு கட்டினால் போதும்.

ஆறாவது, ஆறவைத்து உறையவைப்பது. அரை மணி நேரம் ஆறவிட்டு, தட்டில் பரப்பி ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். உள்ளிருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி, செல் சுவர்களைக் குத்தி உடைக்கும். மறுபடி பொரிக்கும்போது அந்த ஈரம் சுலபமாக ஆவியாக வெளியேறும். அவசரமென்றால் உறையவைக்காமலும் பொரிக்கலாம். நன்றாகவே இருக்கும், ஆனால் கடைப் பதம் வராது.

இந்த உறையவைக்கும் படிக்குப் பின்னால் ஒரு வேதியியல்காரர் இருக்கிறார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் சிம்ப்ளாட் என்ற கிழங்கு வியாபாரி இருந்தார். 1940-களில் அவருடைய கம்பெனியில் வேலை பார்த்த ஒரு வேதியியலாளர்தான் பொரித்த கிழங்கை உறையவைத்து விற்கும் முறையை அங்கே உருவாக்கினார். அதுவரை கடைக்குக் கடை தினமும் கிழங்கு சீவிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸும் 1960-களில் அவர்களிடம் உறைந்த ஃப்ரைஸ் வாங்க ஆரம்பித்தது.

ஏழாவதுதான் அந்தக் கடைசி மூன்று நிமிடம். எண்ணெய் 185 டிகிரி. ஃப்ரீசரிலிருந்து எடுத்ததை நேராகப் போடுங்கள். ஐஸ் கட்டி ஒட்டியிருந்தால் உதறிவிடுங்கள், எண்ணெய் தெறிக்கும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் வேண்டாம். அதிகம் போட்டால் சூடு இறங்கி எண்ணெய் குடிக்கும். ஏன் இரண்டு தடவை பொரிக்க வேண்டும்? ஈரம் இருக்கிற வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. முதல் பொரிப்புக்குப் பின் ஆறும்போது உள் ஈரம் மெல்ல மேற்பரப்புக்கு வரும். இரண்டாவது சூட்டில் அதுவும் போய்விடும். பொருக்கு தடிமனாகும், பொன்னிறம் வரும், மொறுமொறுவென்று நிற்கும்.

எடுத்ததும் கம்பி வலைமேல் போட்டு, சூட்டோடு பொடியுப்பு தூவுங்கள். மூடி போட்டு வைத்தால் அதன் ஆவியே அதை நமுத்துப் போகச் செய்யும். செய்தித்தாளில் கொட்டாதீர்கள், மை ஒட்டும்.

இனி ஒரு எச்சரிக்கை. 2002-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள், மாவுச்சத்துள்ள பண்டங்களை அதிகச் சூட்டில் பொரிக்கும்போது அக்ரிலமைடு என்ற கெடுதலான பொருள் உண்டாகிறது என்று அறிவித்தார்கள். நிறம் கருக்கக் கருக்க அது கூடும். ஆகவே பொன்னிறத்தோடு நிறுத்துங்கள். கிழங்கைக் கழுவுவதும் வேகவைப்பதும் அதைக் குறைக்கவும் உதவுகின்றன. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் ஆபத்து. எண்ணெய் கெடும்போது உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அதை உபயோகிக்கக் கூடாது என்று நம் நாட்டில் 2018 ஜூலை முதல் சட்டமே இருக்கிறது. வீட்டில் அளக்க முடியாது. நிறம் கறுத்தால், நுரை கட்டினால், புகைந்தால் தயவுதாட்சண்யம் இல்லாமல் எடுத்துவிடுங்கள். பழைய எண்ணெயோடு புது எண்ணெயைக் கலக்காதீர்கள்.

இந்த அரங்கில் சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் பாதிக்கு மேல் இருப்போம். சர்க்கரை குறைந்த கிழங்கு என்று இவள் சொன்னாளே, நமக்கு ஆகும் என்று யாரும் தப்புக் கணக்குப் போட வேண்டாம். மாவுச்சத்து முழுக்க உள்ளே போய்ச் சர்க்கரைதான். மாதம் ஒருநாள், ஒரு கைப்பிடி. மீதியைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பதினேழாவது தடவை சரியாக வந்தது. நோட்டில் தேதியோடு இருக்கிறது. மகன் ஒரு குச்சியை எடுத்து என் காதருகே ஒடித்துக் காட்டினான். "டக்" என்று சத்தம் கேட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் ரெண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டான்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் முறையாகப் பதிவு செய்துகொண்டு, ஊரடங்கு தளர்ந்தபின் சாயங்காலங்களில் சுற்றியிருக்கிற வீடுகளுக்குக் கொடுத்தோம். லட்சாதிபதி ஆகிவிடவில்லை. ஒரு கிலோ கிழங்கு வாங்கினால் ஃப்ரைஸாகத் தேறுவது ஏறக்குறைய பாதிதான். எண்ணெயும் கேஸும் கணக்குப் பார்த்தால் பெரிய லாபம் நிற்காது. ஆனால் அந்த ஒன்றரை வருஷம் வீட்டு வாடகைக்கு யாரிடமும் கை நீட்டவில்லை. இப்போது அவன் வேறொரு கடையில் சமையலறைப் பொறுப்பாளர். புதிதாகச் சேருகிற பையன்கள் கையில் உறைந்த கவரைக் கொடுத்து, "இது இங்க வர்றதுக்கு முன்னாடி என்னென்ன நடந்திருக்கு தெரியுமா?" என்றுதான் பாடத்தை ஆரம்பிக்கிறானாம். கடைசி மூன்று நிமிடத்தை மட்டும் தெரிந்துகொண்டு யாரும் தரையில் உட்கார்ந்து அழக்கூடாது என்கிறான்.

தோழிகளே, நம் படிப்பும் அப்படித்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. உத்தியோகம், பதவி, சம்பளம் இவையெல்லாம் வெளியே தெரிகிற கடைசி மூன்று நிமிடம். அது சிலருக்கு அமைந்தது, சிலருக்கு அமையவில்லை. அதற்கு முன்னால் இந்தக் கல்லூரி லேபில் நடந்தவை எதுவும் வீணாகவில்லை. உறைந்து கிடந்தது, அவ்வளவுதான். எனக்கு எண்ணெய் காய்வதற்கு முப்பத்துநாலு வருஷம் ஆயிற்று.

முன்வரிசையில் எங்கள் மேடம் அமர்ந்திருக்கிறார்கள். மேடம், அந்தக் காலத்தில் ரெக்கார்டு நோட்டில் உங்கள் கையெழுத்து இல்லாமல் பிராக்டிகல் தேர்வுக்கு உட்கார முடியாது. ஒரு வரி அடித்தல் திருத்தல் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். இதோ அந்த நோட்டு. எண்ணெய்க் கறை இருக்கிறது, அடித்தல் திருத்தலும் நிறைய இருக்கிறது. பதினேழு பரிசோதனை, கடைசி ஒன்றுக்கு மட்டும்தான் சரியான ரிசல்ட். மேடையை விட்டு இறங்கியதும் கொண்டுவந்து தருகிறேன். தயவுசெய்து ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.